மெதுவான வெடி

அக்காவின் சமையலறைக்குள் கடல் புகுந்த அன்று நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருந்தேன். வெடி வைக்கும் இடத்தில் கைபேசியை அணைத்து ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்து மத்தியானம் அதை வாங்கித் திறந்தபோது வீடியோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் வீடியோவில் வீட்டின் பின்சுவர் நின்றுகொண்டிருந்தது. கடைசி வீடியோவில் சுவர் இல்லை. சமையல் மேடை, அதன்மேல் கேஸ் அடுப்பு, அதற்கப்பால் நேராகக் கடல். காற்றின் இரைச்சலுக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது. "பாத்தியாடி, அடுப்பாண்டயே வந்துட்ச்சு."

நாங்கள் ராயபுரத்தில் வளர்ந்தவர்கள். அப்பா ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கூட்ஸ் வண்டிகளின் பெட்டிகளை எண்ணுவது என்று போன வாழ்க்கை. அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூர்க் கடலோரத்துக் குப்பத்துக்குப் போனாள். மாமா ஃபைபர் படகு வைத்திருப்பவர். மாதா கோயிலில் பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த என் அக்கா, கல்யாணமான ஒரே வருஷத்தில் மீன் ஏலக்காரர்களோடு மல்லுக்கு நிற்கும் ஆளாக மாறிப்போனாள். நான் கருவிகளைப் பற்றிய பொறியியல் படித்துவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருக்கும் சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான்.

சுரங்கங்களில் வைக்கும் வெடி என்ன வேகத்தில் வெடிக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. மெட்ரோ ரயிலில் பைகளைச் சோதிக்கும் பெண் ஒருமுறை என் மஞ்சள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, "இன்னாக்கா மெஷினு இது?" என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் "வெடி அளக்குறது" என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு நாலு ரயில் தவறிப்போனது. அதன்பிறகு "கேபிள் டெஸ்ட் பண்ற மெஷின்" என்றுதான் சொல்லிவருகிறேன். அதுவும் பொய்யில்லை.

அரியலூரிலிருந்து அன்றே கிளம்பி வந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு முன்னறைக்கு வந்திருந்தது. அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஈரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேறு எதைப் பற்றியாவது பேச வேண்டும்போல அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

"ஆமா, நீ இன்னாதான் பண்ற அந்தக் குழியாண்ட போயி? வெடிச்சி முடிஞ்சப்புறம் அளக்குறதுக்கு அங்க இன்னா கீது?"

எத்தனையோ வருஷமாக அவள் கேட்காத கேள்வி. நான் ஊதுவத்தியைச் சொல்லி விளக்கினேன். பாறையில் ஆழமாகத் துளை போட்டு, அதில் வெடிமருந்தை நிரப்புவார்கள். அதற்கு முன்பே நான் ஒரு மெல்லிய கேபிளை அடிவரைக்கும் இறக்கிவிடுவேன். அடியில் பற்ற வைத்ததும் வெடி மேலே ஏறி வரும். ஏற ஏற, கேபிளையும் தின்றுகொண்டே வரும். ஊதுவத்தி எரிந்து குறைகிற மாதிரி கேபிள் குறையும். தூரத்தில் இருக்கும் என் பெட்டி, கேபிள் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கண்ணிமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான முறை குறித்துக்கொள்ளும். அதை வைத்து வேகத்தைக் கணக்குப் போடலாம்.

"எவ்ளோ வேகம் போவும்?"

"சிலது ஒரு செகண்டுக்கு நாலு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர் போகும்க்கா."

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். "செகண்டுக்கா? இங்கேந்து ராயபுரம் போறதுக்கு நம்ம பஸ்ஸு அரைநாளு பண்றான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு மறியல், மனு, மறுபடி மறியல் என்று மாதங்கள் போய், குப்பத்துக்கு முன்னால் தூண்டில் வளைவு போட உத்தரவு வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு கை போல நீட்டிவிட்டால், அலையோடு போகும் மணல் அதில் தடுக்கி நிற்கும், கரை தேறும். உள்ளே எந்தக் கல்லும் போகலாம். ஆனால் வெளிப்பக்கம் அடுக்குகிற கல் ஒவ்வொன்றும் டன் கணக்கில் இருக்க வேண்டும். சின்னக் கல் போட்டால் ஒரே மழைக்காலத்தில் அலை பொறுக்கிக்கொண்டு போய்விடும்.

பெரிய கல்தான் வரவில்லை. லாரிகள் வந்தன; கட்டுமான எஞ்சினியர் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பினார். பிறகு லாரிகள் வருவதே குறைந்தது. கடலுக்குள் கொஞ்ச தூரம் நீண்ட கல்வரிசை அப்படியே நின்றுவிட்டது. படகை இழுத்துப் போடக் கரை இல்லாததால் மாமா அதைக் காசிமேட்டில் நிறுத்திவிட்டு, விடியலில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வந்துகொண்டிருந்தார்.

அக்கா எனக்கு போன் செய்தாள். "வர்ற கல்லெல்லாம் இட்லி சைசுலகீதுடி. குவாரில வெடி வெச்சா எல்லாம் சக்கையா பூடுதாம். நீ அதான பண்ற?"

"நான் போற இடத்துலல்லாம் கல்லு சின்னதா உடையணும்னுதான்க்கா கேப்பாங்க. பெரிசா வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இப்போ நான் கேக்குறேன்."

அது என் வேலை இல்லை, குவாரிக்காரர் கூப்பிட்டால்தான் நாங்கள் போக முடியும் என்று சொல்லிவைத்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாட்கள் கழித்துப் பட்டறைக்கு ஒரு போன் வந்தது; முதலாளி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசியவர் செங்கல்பட்டைத் தாண்டி இருக்கும், வளைவுக்குக் கல் அனுப்பும் கல்குவாரியின் மேனேஜர். பேச்சில் தெற்கத்திச் சாயல்.

"உங்க ஆபீஸ்ல வேல பாக்குற பொண்ணுக்கு அக்கான்னு சொல்லிக்கிட்டு ஒரு அம்மா தெனம் போன் பண்ணுதாவ. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. லாரி டிரைவர்கிட்ட நம்பர் வாங்கிட்டாவளாம். நீங்க ஒரு நடை வந்து அளந்துட்டுப் போயிருங்க. எனக்கு நிம்மதி வேணும்."

முதலாளி சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமாயிற்று. கருவி அந்த வாரம் சும்மாதான் இருந்தது. போய்வரச் சொன்னார்.

எத்தனையோ சுரங்கங்களுக்குப் போயிருக்கிறேன். பயந்ததில்லை. இந்த முறை காரில் போகும்போதே கேபிள் சுருளை மூன்று தடவை எடுத்துச் சரிபார்த்தேன். மற்ற இடங்களில் அறிக்கை கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே சரியாக வராவிட்டால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

குவாரி, மலை பாதி தின்னப்பட்ட பெரிய பள்ளம். நீலம் பாய்ந்த கருங்கல். அங்கே வெடி வைக்கும் உரிமம் பெற்றவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். தன்மேல் குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. "நாங்க எப்பவும் வைக்கிற மாதிரிதாங்க வைக்கிறோம்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே.

"அதே மாதிரியே வைங்க. எனக்கு இப்ப இருக்கறது என்னன்னு தெரிஞ்சா போதும்" என்றேன்.

முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. துளையின் வாயை அடைக்கும்போது ஏதோ கூர்மையான சில்லு பட்டுக் கேபிள் அறுந்திருக்க வேண்டும். வெடி வெடித்தது, என் திரையில் வெறுமை. மேனேஜர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த முறை கேபிளை நானே பிடித்துக்கொண்டு நிற்க, வெடிக்காரர் பொடிக்கல்லைக் கையால் மெல்ல மெல்லப் போட்டு மூடினார். இந்த முறை கோடு வந்தது. வளைவு, நெளிவு இல்லாமல் நேராகச் செங்குத்தாக ஏறிய கோடு. கோடு எவ்வளவு செங்குத்தோ, வெடி அவ்வளவு வேகம். மருந்து நல்ல மருந்து. ரொம்ப வேகமான மருந்து.

மேனேஜரிடம் திரையைக் காட்டினேன். "இதுல தப்பு எதுவும் இல்ல சார். ஜல்லிக்கு இதுதான் சரி. ஆனா உங்களுக்கு இப்ப ஜல்லி வேணாமே. கோயில் வாசல்ல தேங்காய ஓங்கி அடிச்சா சில்லு சில்லா போகும். அதையே வீட்டுல அருவா முதுகால சுத்தித் தட்டினா ரெண்டா பொளக்கும். வேகமான மருந்து கல்லை அடிக்கும். மெதுவானது தள்ளும்."

அவர் குனிந்து காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்துப் பார்த்தார். "அப்ப நாங்க இத்தன நாளா செதறுகாய் போட்டுக்கிட்டிருக்கோம்ங்கிய?"

வெடிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார்.

மெதுவாக வெடிக்கும் குருணை மருந்துக்கு மாறுவது என்று முடிவாயிற்று. துளைகளைப் பாறையின் முகப்பிலிருந்து தள்ளிப் போட்டு, ஒன்றுக்கொன்று நெருக்கமாக ஒரே வரிசையில் வைப்பது. மருந்தையும் குறைப்பது. இதையெல்லாம் நாங்கள் மூவரும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். நான் ஊருக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னபோது, அவள் அன்றைக்கே கல் வந்துவிடும் என்பதுபோலக் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது நடை போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அது சில நாட்கள் ஓய்ந்ததும் போனேன். சங்கு ஊதி, எல்லோரும் ஒதுங்கி, வெடிக்காரர் விசையை அழுத்தினார். பள்ளத்திலிருந்து எழுந்த புகையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரஞ்சு நிறத்தில், பார்க்க அழகாக, கெட்ட புகை. மருந்து முழுதாக வெடிக்காததன் அடையாளம். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக எல்லோரையும் நகர்த்தி, அது கலையும்வரை வெகுநேரம் காத்திருந்தோம். பாறை நின்ற இடத்திலேயே நின்றது, முகத்தில் ஒரு விரிசலோடு. என் திரையில் கோடு கொஞ்ச தூரம் ஏறி, பிறகு சாய்ந்து, கடைசியில் படுத்தேவிட்டது.

"மெதுவான மருந்துன்னிய. இப்ப மருந்து தூங்கிட்டுல்லா" என்றார் மேனேஜர். கோபத்தை அவர் அடக்கிக்கொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வெடிக்காத துளைகளை வெடிக்காரர் முறைப்படி சரிசெய்து முடிக்கும்வரை யாரும் கிட்டே போகவில்லை. நான் குவாரி வாசலில் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய், கைபேசியை வாங்கித் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கூப்பிட்டாள்.

"இன்னிக்கு சரியா வரலக்கா."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி உடு. நீ துன்னியா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் சாப்பிடவில்லை என்றேன். முதல்ல துன்னு, அப்பால பாத்துக்கலாம் என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டபிறகு கோட்டை மறுபடி பார்த்தேன். தோற்ற கோடு என்றாலும் அது பேசாமல் இல்லை. அடியில் பற்றியிருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே வேகம் விழுந்திருக்கிறது. ஆக, கெட்டுப்போனது அடிப்பகுதி மருந்துதான். வெடிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் அடுத்த வரிசைக்காகத் துளைகள் போட்டிருந்த இடத்துக்குப் போய், ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினோம். அடியில் எல்லாவற்றிலும் 'தொபுக்' என்று சத்தம்.

"மழைத் தண்ணிங்க. காலைல கம்ப்ரஸர் வெச்சு ஊதித்தான் எடுத்தோம். மறுபடி ஊறியிருக்குது" என்றார் அவர். "பழைய மருந்தத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. இது உப்பு மாதிரி கரையுது."

"ஊதி எடுத்தவுடனே பிளாஸ்டிக் பை இறக்கிட்டு, அதுக்குள்ள மருந்தப் போட்டா?"

"நீளமா, துளை அளவுக்கே குழாய் மாதிரி கெடைக்கும். முன்ன ஒரு எடத்துல பாத்திருக்கேன். கிழியாம எறக்கணும், அவ்வளவுதான்."

கிழியாமல் இறக்குவது எப்படி என்று அன்று சாயங்காலம் வரை வெறும் மணலை நிரப்பிப் பழகிப் பார்த்தோம். மூன்றோ நாலோ பைகள் கிழிந்தன. பையின் அடியில் சின்னக் கல்லைப் போட்டுக் கட்டினால் சுருங்காமல் போகும் என்பது அவருக்குத் தோன்றியது. கேபிளையும் பைக்குள்ளேயே நடுவாக நிறுத்த வேண்டும் என்பது எனக்கு. மேனேஜர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கடைசியில் தானும் வந்து ஒரு பையின் வாயைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது நடைக்குத் தானும் வருவேன் என்றாள் அக்கா. கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நேராக மேனேஜருக்கே போன் செய்து அனுமதி வாங்கிவிட்டாள். "அந்தம்மாவ நான் ஒரு தடவ பாக்கணும்" என்றாராம் அவர். கூடை தூக்கிப் பழகிய அக்காவின் தலையில் ஹெல்மெட் நிற்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டு மாட்டினாள். தூரத்தில் இருந்த பாதுகாப்பு அறையில் என் பக்கத்தில் நின்றாள்.

அன்று வெயில் நன்றாக அடித்தது. துளைகளைக் காலையில் ஊதிக் காயவைத்து, பை இறக்கி, மருந்து போட்டு, வெடியின் உதை தணிவதற்காக நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, வாயை மூடியிருந்தோம். சங்கு ஊதியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தரையில் ஒரு உதறல். பாறை முகப்பு, நெடுநேரம் உட்கார்ந்திருந்த கனத்த மனிதர் எழுந்துகொள்வதுபோல முன்னால் சாய்ந்து, நின்று, பிறகு சரிந்தது. வெளிறிய தூசி மட்டும் எழுந்து காற்றில் போயிற்று. ஆரஞ்சு இல்லை.

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா. "தீவாளிக்கு எங்க தெருலயே இத்தவிடப் பெர்சா வெடிப்பானுங்க."

நான் பெட்டியின் பக்கம் குனிந்தேன். திரையில் கோடு வந்துகொண்டிருந்தது. பழைய கோட்டைவிட நன்றாகச் சாய்ந்த கோடு. ஆனால் அடியிலிருந்து நுனிவரை, நடுவில் விட்ட இடைவெளியைத் தவிர, எங்கேயும் தளராத கோடு. மெதுவாகவும் முழுதாகவும் வெடித்திருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்தது. "மாதாவே" என்று சொல்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் மாமா குடும்பத்து அம்மனையும் ஒருமுறை கூப்பிட்டாள்.

வெடிக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பச்சைக்கொடி காட்டியதும் இறங்கினோம். ஆட்டோ அளவில் ஒன்று, பீரோ அளவில் இரண்டு மூன்று, பிறகு எண்ண முடியாதபடி இறைந்து கிடந்தன. எல்லாம் பெரியதில்லை. சக்கையும் இருந்தது. ஆனால் மேனேஜர் ஒரு கல்லைச் சுற்றி நடந்து, இன்னொன்றைச் சுற்றி நடந்து, "இது போவும், இதுவும் போவும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். அக்கா கிட்டே போய் ஒரு கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மாட்டின் விலாவைத் தட்டுவதுபோலத் தட்டினாள்.

"நீங்கதானா தெனம் போன் பண்ண ஆளு?" என்றார் மேனேஜர்.

"ஆமா நைனா. இனிமே பண்ண மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "லாரி லேட்டானா மட்டும் பண்ணுவேன்" என்றாள்.

எல்லா வெடியும் அதேபோல அமையவில்லை. பாறையில் இயற்கையாகவே வெடிப்பு ஓடிய இடங்களில் மறுபடி சக்கைதான் வந்தது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் லாரிகள் கூடின. கிரேன் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி அடுக்கியது. குப்பத்துப் பெண்கள் மீன்கூடையை இறக்கிவைத்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வடகிழக்குப் பருவமழை ஒன்று வந்து போயிற்று. கல் நின்றது.

மணல் ஒரே நாளில் வரவில்லை. முதலில் வளைவின் தெற்கு மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஈரமணல் தங்கியது. அடுத்த முறை போனபோது அதில் நண்டு ஓடியது. கோடைக்குள் நாலு படகு ஏற்றிப் போடும் அகலத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் இடிந்துபோன வீடுகள் இடிந்தவைதான். அந்தக் குடும்பங்களில் சில கொடுங்கையூர்ப் பக்கம் வாடகைக்குப் போய் அங்கேயே இருக்கின்றன. அதை எந்தக் கல்லும் திருப்பித் தரவில்லை. அக்கா வீட்டில் பின்சுவரை மறுபடி கட்டினார்கள், பழைய இடத்திலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி. மாமா படகைக் காசிமேட்டிலிருந்து கடல்வழியே ஓட்டிவந்து சொந்தக் கரையில் ஏற்றினார். அன்று நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கை எரிந்தது.

ஒரு பக்கம் மணல் தங்கினால், வடக்குப் பக்கம் கடல் கொஞ்சம் கூடுதலாகக் கடிக்கும். அதனால்தான் வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியாகப் போட வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு இப்போது இது எனக்குத் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரியும். கூட்டங்களில் எழுந்து நின்று, எந்தக் குவாரி, என்ன மருந்து, யார் அளக்கிறார்கள் என்று கேட்கிறாளாம். போன வாரம் நான் பட்டறையில் புதுக் கேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"நாளிக்கி சீக்கிரம் வூட்டுக்கு வா. எண்ணூர்லேந்து நாலு பொம்பளைங்க வந்துகினு கீறாங்க. அவங்க குப்பத்துக்கும் வளைவு போடப் போறாங்களாம். உன் ஊதுவத்திக் கதய வந்து சொல்லு. நான் சொன்னா சிரிக்கிறாளுங்க."

"வெடிய அளக்குறேன்னு சொன்னியா?"

"சொன்னேன். நம்பல. அந்த மஞ்சப் பொட்டியயும் எட்த்துனு வந்துடு" என்றாள். "பஸ்ஸுல வா. மெட்ரோல வேணாம்."